குழாய் ஏன் பிரள்கிறது? வளைவரை வழியே நகரும் சட்டகம் தவறும்போது பார்க்க வேண்டியவை

ஒரு வளைவரையை எடுத்து, அதன் மேல் ஒரு வட்டத்தையோ சதுரத்தையோ நகர்த்திக்கொண்டே போனால் குழாய் கிடைக்கும். கேபிள், கைப்பிடிக் கம்பி, ரோலர் கோஸ்டர் தண்டவாளம், கேமரா பறக்கும் பாதை, ரோபோ கை கருவியை நகர்த்தும் பாதை என எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது இதே கணக்குதான். ஒவ்வொரு புள்ளியிலும் ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று அலகு வெக்டர்கள் வேண்டும். ஒன்று வளைவரை போகும் திசை. மற்ற இரண்டும் குறுக்குவெட்டு கிடக்கும் தளத்தில் இருக்கும். இந்த மூன்றும் சேர்ந்ததுதான் சட்டகம்.

முதல் வெக்டரை, அதாவது தொடுதிசையை, வளைவரையே கொடுத்துவிடுகிறது. அந்தத் திசையைச் சுற்றி மற்ற இரண்டும் எவ்வளவு சுழன்று நிற்க வேண்டும் என்பதை வளைவரை சொல்வதில்லை, அதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். கீழே உள்ள கோளாறுகளில் பெரும்பாலானவை அந்த முடிவை நமக்குத் தெரியாமலே ஏதோ ஒரு சூத்திரம் எடுத்துக்கொண்டதால் வருபவை. ஆகவே எந்த அறிகுறியைக் கண்டாலும் முதலில் கேட்க வேண்டியது, இந்த இடத்தில் சுழற்சியை முடிவு செய்வது எது என்பதுதான்.

எதையும் மாற்றும் முன்

குழாயின் மேற்பரப்பை மறைத்துவிட்டு, ஒவ்வொரு மாதிரிப் புள்ளியிலும் மூன்று சிறு கோடுகளை மட்டும் வரையுங்கள்: தொடுதிசைக்குச் சிவப்பு, மற்ற இரண்டுக்கும் பச்சையும் நீலமும். மேற்பரப்பை உருவாக்கும் முக்கோண வலையைப் பார்த்து நோயை ஊகிப்பது கடினம். கோடுகளைப் பார்த்தால் பாதி விடை கண்ணுக்கே தெரிந்துவிடும். கூடவே மூன்று எண்களை அச்சிட்டு வையுங்கள்: அடுத்தடுத்த புள்ளிகளுக்கு இடையிலான தூரம், அடுத்தடுத்த பச்சைக் கோடுகளின் புள்ளிப் பெருக்கல், மூன்று வெக்டர்களை நிரல்களாகக் கொண்ட அணியின் அணிக்கோவை. பெருக்கல் 1-ஐ ஒட்டி இருக்க வேண்டும். அணிக்கோவை 1 ஆகவே இருக்க வேண்டும்.

அறிகுறி: ஓரிடத்தில் குழாய் பட்டென்று பிரண்டு, இடுப்பு ஒடுங்கியது போல் நெரிகிறது

சிவப்புக் கோடு ஒழுங்காகப் போகிறது, பச்சையும் நீலமும் மட்டும் 180 பாகை திரும்பிவிடுகின்றன என்றால் நீங்கள் பயன்படுத்துவது பிரெனே–செர்ரே சட்டகம் என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லலாம். பிரெனே 1847-லும் செர்ரே 1851-லும் தனித்தனியாகக் கண்ட சூத்திரங்கள் இவை. வகையீட்டு வடிவியல் பாடத்தில் முதலில் கற்பிக்கப்படுவதும் இதுதான். இதில் செங்கோடு, அதாவது தொடுதிசைக்குச் செங்குத்தாக நிற்கும் பச்சைக் கோடு, வளைவரை எந்தப் பக்கம் வளைகிறதோ அந்தப் பக்கம் பார்க்கும். இரண்டாம் வகைக்கெழுவிலிருந்து கிடைப்பது அது. இடப்பக்கம் வளைந்துவந்த பாதை வலப்பக்கம் வளையத் தொடங்கினால் செங்கோடும் பக்கம் மாறிவிடும். மூன்றாம் படி வளைவரையில் (கிடைமட்ட மதிப்பின் கனம் செங்குத்து மதிப்பாக உள்ள வரை) ஆதிப்புள்ளியில் நடப்பது இதுவே. தளத்தில் கிடக்கும் எஸ் வடிவ பெசியே வளைவரை (சில கட்டுப்பாட்டுப் புள்ளிகளால் வடிவம் தரப்படும் வரை) எல்லாவற்றிலும் இப்படி ஓர் இடம் உண்டு.

உறுதிசெய்ய, பிரளும் இடத்தில் வளைமையின் மதிப்பை, அதாவது வரை எவ்வளவு கூர்மையாக வளைகிறது என்ற அளவை, அச்சிடுங்கள். அது பூச்சியத்தைத் தொட்டுத் திரும்பினால் காரணம் கிடைத்துவிட்டது.

இங்கே பலரும் ஒரு குறுக்குவழியைப் பிடிக்கிறார்கள்: முந்தைய செங்கோட்டுடன் புள்ளிப் பெருக்கல் எதிர்மறையானால் குறியை மாற்றிவிடுவது. தளத்திலேயே கிடக்கும் வளைவரைக்கு இது வேலை செய்யும். முப்பரிமாணத்தில் செய்யாது. அதே மூன்றாம் படி வளைவரையைத் தளத்திலிருந்து இம்மியளவு தூக்குங்கள்: மூன்றாவது ஆயத்தில் கிடைமட்ட மதிப்பின் வர்க்கத்தில் 0.01 மடங்கைச் சேருங்கள். இப்போது வளைமை எங்கும் பூச்சியமாவதில்லை, சூத்திரப்படி எல்லாம் சரி. ஆனால் கிடைமட்ட மதிப்பு −0.0033-க்கும் +0.0033-க்கும் இடையிலான துளி இடைவெளியிலேயே செங்கோடு 90 பாகை சுழன்றுவிடுகிறது. மாதிரிப் புள்ளிகள் எங்கே விழுகின்றன என்பதைப் பொறுத்து உங்கள் நிரல் ஒரு நாள் 60 பாகையையும் இன்னொரு நாள் 120 பாகையையும் பார்க்கும். குறியை மாற்றுவதா வேண்டாமா என்பது குருட்டு அதிர்ஷ்டமாகிவிடும். இந்த ஒட்டுவேலையைத் தவிருங்கள். சட்டகத்தையே மாற்ற வேண்டும். எதற்கு மாற்றுவது என்பதை அடுத்த அறிகுறியில் பார்ப்போம்.

அறிகுறி: பிரள்வு இல்லை, ஆனால் மேல் ஒட்டிய படமும் கோடுகளும் குழாயைச் சுற்றிச் சுருள்கின்றன

இதுவும் பிரெனே சட்டகத்தின் வேலைதான். காரணம் முறுக்கம். வளைவரை தன் தளத்தை விட்டு வெளியேறும் வேகத்துக்கு முறுக்கம் என்று பெயர். பிரெனே சட்டகம் அந்த வேகத்திலேயே தொடுதிசையைச் சுற்றிச் சுழலும். அது கணக்குப்படி சரி, குழாய்க்கு வேண்டாத சுழற்சி. சதுரக் குறுக்குவெட்டு என்றால் மூலைகள் திருகிக்கொள்ளும், முக்கோணங்கள் ஊசிபோல் நீளும்.

நமக்கு வேண்டியது வேறு. தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயின் முதுகில் நீளவாக்கில் ஒரு வண்ணக்கோடு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். குழாயை எப்படி வளைத்துப் போட்டாலும், கையால் முறுக்காதவரை அந்தக் கோடு குழாயைச் சுற்றி ஓடுவதில்லை. அப்படியொரு சட்டகம்தான் தேவை: பச்சை வெக்டர் மாறலாம், ஆனால் அதன் மாற்றம் எப்போதும் தொடுதிசைக்கு இணையாகவே இருக்க வேண்டும், தொடுதிசையைச் சுற்றிய சுழற்சி துளியும் கூடாது. ரிச்சர்ட் பிஷப் 1975-ல் எழுதிய கட்டுரைக்குப் பின் இதைப் பிஷப் சட்டகம் என்றும் சொல்கிறார்கள். வடிவமைப்புத் துறையில் குறைசுழற்சிச் சட்டகம் என்ற பொருளில் வழங்குகிறது. இதற்கு இரண்டாம் வகைக்கெழு வேண்டாம். வளைமை பூச்சியமானாலும் கவலையில்லை. முந்தைய அறிகுறியும் இதிலேயே தீர்ந்துவிடும்.

கணக்கிடுவதற்கு நான் பரிந்துரைப்பது இரட்டைப் பிரதிபலிப்பு முறை. வாங், யூட்லர் முதலிய நால்வர் 2008-ல் வெளியிட்டது. இதற்கு வகைக்கெழுச் சமன்பாடும் கோணமும் சைன் கொசைனும் தேவையில்லை. ஒரு புள்ளியிலிருந்து அடுத்ததற்குப் போகும் படி இவ்வளவுதான்:

நாண் = அடுத்த புள்ளி − இப்போதைய புள்ளி
பச்சை* = பச்சை − 2 × (நாண்·பச்சை) ÷ (நாண்·நாண்) × நாண்
தொடு* = தொடு − 2 × (நாண்·தொடு) ÷ (நாண்·நாண்) × நாண்
வேறுபாடு = அடுத்த தொடு − தொடு*
அடுத்த பச்சை = பச்சை* − 2 × (வேறுபாடு·பச்சை*) ÷ (வேறுபாடு·வேறுபாடு) × வேறுபாடு
அடுத்த நீலம் = அடுத்த தொடு × அடுத்த பச்சை

நடுவில் உள்ள புள்ளி (·) புள்ளிப் பெருக்கலைக் குறிக்கும், * முதல் பிரதிபலிப்புக்குப் பின் வரும் வெக்டரைக் குறிக்கும். கடைசி வரியில் × என்று இருப்பது குறுக்குப் பெருக்கல். முதல் பிரதிபலிப்பு சட்டகத்தை அடுத்த புள்ளிக்குக் கொண்டுபோகிறது, ஆனால் தொடுதிசையைத் தவறான பக்கம் பார்க்க வைக்கிறது. இரண்டாவது அதைத் திருத்துகிறது. இரண்டு பிரதிபலிப்பு சேர்ந்தால் ஒரு சுழற்சி.

எழுதிய நிரல் சரியா என்று பார்க்க இரண்டு சோதனைகள் உண்டு. முதலாவது எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு கோளத்தின் மேல் கிடக்கும் எந்த வளைவரையையும் எடுங்கள். தொடக்கப் பச்சையை ஆரத் திசையில் வையுங்கள். கோளத்தின் மேல் ஆரத் திசைதான் சுழற்சியற்ற திசை என்பதால், எல்லாப் புள்ளியிலும் பச்சை ஆரத் திசையிலேயே நிற்க வேண்டும். அதுவும் இரட்டைப் பிரதிபலிப்பில் தோராயமாக அல்ல, மிகச் சரியாக. ஏனென்றால் நாணை இருசமமாக வெட்டும் தளம் கோளத்தின் மையம் வழியே போகும், ஆகவே முதல் பிரதிபலிப்பே ஓர் ஆரத்தை அடுத்த ஆரத்தின் மேல் கொண்டுவைத்துவிடும். இரண்டாவது அதைத் தொடுவதே இல்லை. பத்தே மாதிரிப் புள்ளிகள் எடுத்தாலும் பிழை கணினியின் கடைசி இலக்கத்தில்தான் தெரிய வேண்டும். அதைவிடப் பெரிதாகத் தெரிந்தால் நிரலில் தவறு இருக்கிறது, அல்லது நீங்கள் கொடுத்த தொடுதிசை உண்மையான தொடுதிசை அல்ல.

இரண்டாவது சோதனை திருகுச்சுருள். ஆரம் 3, ஒரு சுற்றுக்கு ஏற்றம் 8 பை, அதாவது சுமார் 25.13 என்று வையுங்கள். வளைமை 0.12, முறுக்கம் 0.16, ஒரு சுற்றின் நீளம் சுமார் 31.42. முறுக்கத்தை நீளத்தால் பெருக்கினால் 288 பாகை. ஒரு சுற்று முடிந்ததும் தொடுதிசை பழைய திசைக்கே வரும், ஆனால் குறைசுழற்சிச் சட்டகம் தொடக்கத்திலிருந்து 360 − 288 = 72 பாகை விலகி நிற்க வேண்டும். உங்கள் நிரல் 72-ஐ நெருங்கினால் சரி. பூச்சியம் வந்தால் நீங்கள் இன்னும் பிரெனேயைத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

மென்பொருள் வைத்திருக்கும் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். உலாவியில் முப்பரிமாணம் வரையும் த்ரீ.ஜேஎஸ் நூலகத்தில் குழாய்க்குச் சட்டகம் கணக்கிடும் செயல்கூற்றின் பெயரில் பிரெனே இருக்கிறது. உள்ளே நடப்பதோ முந்தைய செங்கோட்டைக் குறைந்தபட்சக் கோணத்தில் சுழற்றி எடுத்துப்போகும் முறை. அங்கே சுருளல் தெரிந்தால் முறுக்கத்தின் மேல் பழிபோடாதீர்கள், காரணத்தைக் கீழே தேடுங்கள்.

அறிகுறி: குழாயில் ஓட்டை விழுகிறது, அல்லது ஓர் இடத்துக்கு மேல் எதுவுமே வரவில்லை

அச்சிட்ட எண்களில் ‘நேன்’, அதாவது எண்ணே அல்லாத மதிப்பு இருக்கிறதா பாருங்கள். எதையோ பூச்சியத்தால் வகுத்திருக்கிறீர்கள். ஒரு புள்ளியில் வந்த நேன் அடுத்த எல்லாப் புள்ளிக்கும் தொற்றும் என்பதால் முதலில் வந்த இடத்தைத்தான் பிடிக்க வேண்டும்.

நேர்க்கோட்டுத் துண்டில் வந்தால் பிரெனே: அங்கே செங்கோடு என்று ஒன்றே இல்லை. ஒரே புள்ளி இரண்டு முறை வந்திருந்தால் நாண் பூச்சியம். அப்படிப்பட்ட புள்ளிகளைச் சட்டகம் கணக்கிடும் முன்பே நீக்கிவிடுங்கள். பெசியே வளைவரையின் முதல் இரண்டு கட்டுப்பாட்டுப் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று இருந்தால் அந்த முனையில் முதல் வகைக்கெழுவே பூச்சியம். அங்கே அடுத்த வேறுபட்ட கட்டுப்பாட்டுப் புள்ளியை நோக்கிய திசையைத் தொடுதிசையாக எடுக்கலாம். கோணம் காண தலைகீழ் கொசைன் பயன்படுத்தியிருந்தால், புள்ளிப் பெருக்கல் 1.0000001 என்று வந்தாலே நேன் கிடைத்துவிடும். −1-க்கும் 1-க்கும் இடையில் அதை அடக்குங்கள், அல்லது குறுக்குப் பெருக்கலின் நீளத்தையும் புள்ளிப் பெருக்கலையும் சேர்த்து இரு மதிப்பு தலைகீழ் டேன்ஜென்ட் எடுங்கள். சிறு கோணங்களுக்குப் பின்னதே துல்லியம்.

இரட்டைப் பிரதிபலிப்பில் நேர்க்கோடு தொல்லை தராது. வேறுபாடு வெக்டர் அங்கே தொடுதிசையின் இரண்டு மடங்காக நிற்கும், பூச்சியமாகாது.

அறிகுறி: பாதை செங்குத்தாக ஏறும்போது மட்டும் கேமராவோ குழாயோ சுழல்கிறது

நிரலில் எங்கோ ‘மேல்திசை’ என்று ஒரு நிலையான வெக்டர் இருக்கிறது, அதோடு தொடுதிசையைக் குறுக்குப் பெருக்கல் செய்துதான் சட்டகம் கிடைக்கிறது. தொடுதிசையே மேல்நோக்கினால் பெருக்கல் பூச்சியமாகும். சரியாகச் செங்குத்தாக இல்லாமல் அருகில் போனாலும் சட்டகம் வேகமாகச் சுற்றிவிடும். ரோலர் கோஸ்டரின் முழு வட்டச் சுற்றில் இது தவிர்க்க முடியாதது.

உடனே மேல்திசையைத் தூக்கி எறிய வேண்டாம். சாலை, ரயில் பாதை, படிக்கட்டுக் கைப்பிடி, அடிவானம் சாயாமல் பறக்கும் கேமரா இவற்றுக்கு மேல்திசை முறையே சரியானது. குறைசுழற்சிச் சட்டகத்தில் ஒரு மலைப்பாதையை ஓட்டிப் பாருங்கள்: ஏறி வளைந்து ஏறி வளைந்து உச்சிக்குப் போகும்போது சாலை ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். அந்தச் சட்டகத்துக்குப் புவியீர்ப்பு தெரியாது. பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் வளைவரைக்கு முறுக்கு வகையாக இசட்-அப், மினிமம் என்று தனித்தனியாகக் கொடுத்திருப்பது இந்த வேறுபாட்டுக்காகத்தான். செங்குத்தை நெருங்காத பாதைக்கு முதலாவது, கேபிளுக்கும் குழாய்க்கும் இரண்டாவது.

இரண்டும் கலந்த பாதை என்றால் குறைசுழற்சிச் சட்டகத்தை அடிப்படையாக வைத்து, செங்குத்தை நெருங்காத பகுதிகளில் மேல்திசையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்ற கோணத்தைக் கண்டு, அந்தக் கோணத்தைச் சீராகச் சேருங்கள். செங்குத்துப் பகுதியில் அந்தக் கோணத்தைக் கேட்கவே வேண்டாம், இரு பக்கத்து மதிப்புகளிலிருந்து இடைக்கணித்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: மூடிய வளையத்தில் தொடக்கமும் முடிவும் பொருந்தவில்லை

வளையம் முழுவதும் அழகாக இருக்கும், தையல் விழும் ஓரிடத்தில் மட்டும் கிழிந்தது போல் இருக்கும். இது நிரல் பிழை அல்ல. குறைசுழற்சிச் சட்டகத்தின் இயல்பே இது, மாதிரிப் புள்ளிகளை எவ்வளவு கூட்டினாலும் போகாது. மேலே திருகுச்சுருளில் பார்த்த 72 பாகையும் இதே வகைதான். தொடுதிசைகளை அலகுக் கோளத்தின் மேல் குறித்தால் அவை ஒரு மூடிய பாதையை வரையும். அந்தப் பாதை அடைத்துக்கொள்ளும் பரப்புதான் விலகல் கோணம். சுருளுக்கு அந்தப் பாதை ஒரு சிறு வட்டம், அதன் பரப்பைக் கணக்கிட்டாலும் 72 பாகையே வரும். தளத்தில் கிடக்கும் வளையத்துக்கும் கோளத்தின் மேல் கிடக்கும் வளையத்துக்கும் விலகல் இல்லை. மற்றவற்றில் இருக்கும் என்றே எதிர்பாருங்கள்.

திருத்தம் எளிது. கடைசிப் பச்சைக்கும் முதல் பச்சைக்கும் இடையிலான கோணத்தைக் குறியோடு அளந்து, அதை வளைவரை நீளத்துக்கு விகிதமாகப் பங்கிட்டு ஒவ்வொரு சட்டகத்தையும் தொடுதிசையைச் சுற்றிச் சுழற்றுங்கள். புள்ளியின் வரிசை எண்ணுக்கு விகிதமாகப் பங்கிடக் கூடாது. புள்ளிகள் நெருக்கமாக உள்ள இடத்தில் முறுக்கு குவிந்துவிடும். குறி தவறினால் விலகல் இரட்டிப்பாகும், அதைக் கண்டாலே என்ன நடந்தது என்று தெரிந்துவிடும்.

சுற்ற வேண்டிய அளவைக் குறைக்கவும் வழி உண்டு. அறுகோணக் குறுக்குவெட்டு 60 பாகை சுழன்றாலும் அதே அறுகோணம்தான். ஆகவே 72 பாகை விலகலுக்கு 12 பாகை திருத்தினால் போதும், முனையில் இணைக்கும்போது உச்சிகளை ஒன்று தள்ளி இணைக்க வேண்டும். ஆனால் மேலே படம் ஒட்டப் போகிறீர்கள் என்றால் முழுக் கோணத்தையும் திருத்துங்கள், இல்லையேல் படம் தையலில் வெட்டுப்படும். திறந்த வளைவரையில் இரு முனையின் நிலைகளும் முன்பே தீர்மானிக்கப்பட்டிருந்தாலும் இதே பங்கீடுதான்.

அறிகுறி: மாதிரிப் புள்ளிகளின் எண்ணிக்கையை மாற்றினால் குழாயின் கடைசி முனை சுழல்கிறது

படிப்படியாகச் சேரும் பிழை. முந்தைய பச்சையை அடுத்த செங்குத்துத் தளத்தில் வெறுமனே வீழ்த்துவதும், குறைந்தபட்சக் கோணத்தில் சுழற்றுவதும் இரண்டாம் வரிசை முறைகள்: படி பாதியானால் பிழை கால் பங்காகும். இரட்டைப் பிரதிபலிப்பு நான்காம் வரிசை: படி பாதியானால் பிழை பதினாறில் ஒரு பங்கு. அதுவும் உண்மையான தொடுதிசையைக் கொடுத்தால் மட்டுமே. அண்டைப் புள்ளிகளைக் கழித்துத் தோராயமாக எடுத்த தொடுதிசையைக் கொடுத்துவிட்டு நான்காம் வரிசையை எதிர்பார்க்க முடியாது. சூத்திரம் கையில் இருந்தால் வகையிட்டே எடுங்கள்.

அறிகுறி: இறுக்கமான வளைவின் உட்புறத்தில் குழாய் மடிந்து தன்னையே வெட்டுகிறது

சட்டகத்தை விட்டுவிடுங்கள். எந்தச் சட்டகம் போட்டாலும் இது வரும். குழாயின் ஆரம், அந்த இடத்து வளைமையின் தலைகீழியைவிடப் பெரிதாகிவிட்டது. மேலே சொன்ன சுருளில் அந்த எல்லை 1 ÷ 0.12, அதாவது சுமார் 8.33. குழாயை மெலிதாக்குங்கள் அல்லது வளைவைத் தளர்த்துங்கள்.

கூர்மையான மூலை உள்ள பல்துண்டுக் கோட்டில் குழாய் மெலிந்து தெரிந்தால் அது வேறு. மூலையின் குறுக்குவெட்டை இரு துண்டுகளின் கோணத்தைச் சமமாகப் பிரிக்கும் தளத்தில் வைத்து, வளையும் பக்கவாட்டில் திரும்பு கோணத்தின் பாதிக்கான கொசைனால் வகுத்துப் பெரிதாக்க வேண்டும்.

அறிகுறி: குழாய் கருப்பாகத் தெரிகிறது, அல்லது உட்புறம் வெளியே தெரிகிறது

அணிக்கோவையைப் பாருங்கள். −1 வந்தால் குறுக்குப் பெருக்கலின் வரிசை மாறியிருக்கிறது, அல்லது இரண்டு பிரதிபலிப்பில் ஒன்றை மட்டும் செய்து நீலத்தையும் அதோடு பிரதிபலித்து எடுத்திருக்கிறீர்கள். நீலத்தை எப்போதும் குறுக்குப் பெருக்கலில் இருந்தே எடுங்கள். அணிக்கோவை 0.98, 1.03 என்று மெல்ல நகர்ந்தால் வெக்டர்கள் செங்குத்தையோ அலகு நீளத்தையோ இழந்துகொண்டிருக்கின்றன. தொடுதிசையைத் தொடாமல், பச்சையிலிருந்து தொடுதிசைப் பங்கைக் கழித்து அலகு நீளமாக்குங்கள்.

அறிகுறி: அசைவூட்டத்தில் முழுக் குழாயும் திடீரென்று ஒரு முறை சுழன்று நிற்கிறது

ஒரு படச்சட்டத்துக்குள் எல்லாம் சரி, அடுத்ததற்குப் போகும்போது மட்டும் தாவுகிறது என்றால் குற்றவாளி தொடக்கப் பச்சை. தொடக்கத் தொடுதிசையின் மிகச் சிறிய கூறு எந்த அச்சில் இருக்கிறதோ அந்த அச்சைப் பிடித்துத் தொடக்கச் செங்கோட்டை உருவாக்குவது வழக்கம், த்ரீ.ஜேஎஸும் அதைத்தான் செய்கிறது. நிலையான குழாய்க்கு நல்ல வழி. முனை அசைந்தால் சிறிய கூறு ஓர் அச்சிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் கணத்தில் தொடக்கப் பச்சை தாவும், அதோடு குழாய் முழுவதும் தாவும்.

முந்தைய படச்சட்டத்தின் பச்சையையே எடுத்து, பழைய தொடுதிசையிலிருந்து புதியதற்குக் குறைந்தபட்சக் கோணத்தில் சுழற்றினால் தாவல் நிற்கும். ஆனால் முனை ஒரு சுற்று சுற்றிப் பழைய இடத்துக்கே வந்தாலும் பச்சை பழைய இடத்துக்கு வராமல் போகலாம். மூடிய வளையத்தில் பார்த்த அதே விலகல் இங்கே காலத்தின் வழியே சேர்கிறது. மீண்டும் மீண்டும் ஓடும் அசைவூட்டத்துக்கு இது ஆகாது. அங்கே ஓய்வு நிலையின் தொடுதிசையையும் பச்சையையும் ஒரு முறை சேமித்து வைத்து, ஒவ்வொரு படச்சட்டத்திலும் அந்த ஓய்வு நிலையிலிருந்தே நேராகச் சுழற்றி எடுங்கள். தொடக்க முனை ஓய்வு நிலைக்கு நேர் எதிராகத் திரும்பும்போது மட்டும்தான் இந்த வழி தடுமாறும். உங்கள் அசைவில் அப்படி ஒரு கணம் வருமானால் ஓய்வு நிலையை வேறு திசையில் தேர்ந்துகொள்ளுங்கள்.